மேலே ஒரு வேன் காத்திருக்கட்டும்

ஏலகிரிக்கு மலையோட்டப் பயிற்சிக்குக் கிளம்பும் சென்னை ஓட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழிகளே, தோழர்களே,

செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் சதாரா மலை அரை மராத்தான். அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் இப்போது ஏலகிரிக்கு நாள் குறிக்கிறீர்கள். ராத்திரி வேன் பிடித்து, விடிவதற்குள் அடிவாரத்தில் இறங்கி, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அதே சாலையில் ஓடி இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு மதியமே ஊர் திரும்பக் கிளம்புவது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் பாதியை இந்த வருடம் சிலருக்காக மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

யார் அந்தச் சிலர்? காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் நாலு அடி வைப்பதற்குள் குதிகாலில் குத்து வாங்குகிறவர்கள். கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு, திடீரென்று முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர்கள். கெண்டைச் சதையில் ஒரு முடிச்சு இருக்கிறது, எண்ணெய் போட்டு நீவினால் இரண்டு நாள் சும்மா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறவர்கள். டாக்டரிடம் போகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்கள். ஓடும்போது இவர்களை அடையாளம் காண முடியாது. ஓடி முடித்து இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது யார் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே நிற்கிறார்கள் என்று பாருங்கள். தெரிந்துவிடும்.

இவர்களுக்கு நம் கூட்டத்தில் இரண்டு அறிவுரைகள்தான் கிடைக்கின்றன. ஒன்று, "அதெல்லாம் ஓட ஓடச் சரியாயிடும்." இன்னொன்று, "மூணு மாசம் ஷூவைத் தொடாதீங்க, முட்டி தேஞ்சுடும்." இரண்டையும் சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே தப்பு.

முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தை முதலில் ஓரமாக வைப்போம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2017-ல் வெளிவந்தது. உடம்புக்காகவும் ஆசைக்காகவும் ஓடுகிற நம்மைப் போன்றவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். ஓட்டம் மூட்டை அரைத்துவிடும் என்று கல்யாண வீடுகளில் நமக்கு வகுப்பெடுக்கும் மாமாக்களிடம் இந்தக் கணக்கைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

முழு ஓய்வுதான் மருந்து என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதில்லை. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்திவை என்ற நால்வகைச் சூத்திரத்தை 1978-ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கின். அவரே பல ஆண்டுகள் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். குதிகால் நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் அக்கிலிஸ் தசைநாணில் வலி உள்ளவர்களை வைத்து ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது, 2007-ல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சி. ஒரு பாதிப் பேர் வலியைக் கவனித்தபடியே ஓடலாம், குதிக்கலாம். மறு பாதிப் பேர் முதல் 6 வாரம் அவற்றை நிறுத்த வேண்டும். ஓடியவர்களுக்கு நிறுத்தியவர்களைவிட மோசமாக எதுவும் நடக்கவில்லை.

"கவனித்தபடி" என்பதற்கு அங்கே தெளிவான அளவுகோல் இருந்தது. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. ஓடும்போது 5 வரை போகலாம். ஓடி முடித்த பிறகும் 5-ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் அடங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகக் கூடாது. "ஓட ஓடச் சரியாயிடும்" என்பவர்கள் இந்த நிபந்தனைகளைச் சொல்வதில்லை. "ஓடவே கூடாது" என்பவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. என்னைக் கேட்டால் நம்மைப் போன்றவர்கள் 3-லேயே நின்றுகொள்வது நல்லது. ஆய்வில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் பிசியோ இருந்தார். நமக்கு மலைச் சாலையில் யாரும் இல்லை.

இனி மலைக்கு வருகிறேன்.

சிறு வலி உள்ளவர்கள் மலைப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மலை அவ்வளவு நல்ல வாத்தியார். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தன் பேட்டைப் பையன்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தவர். ஆக்லாந்துக்குப் பக்கத்திலுள்ள வைட்டாகெரே மலைத்தொடரில் 22 மைல் சுற்று ஒன்றில் அவர்களை ஓடவிடுவார். மாதக்கணக்கில் நீண்ட ஓட்டம். அது முடிந்து, மைதானத்தில் வேகப் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் சில வாரங்கள் ஏற்றத்தில் முழங்காலை உயர்த்தித் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள், அவருடைய சீடர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். ஹால்பெர்க் பதின்வயதில் ரக்பி ஆடும்போது பட்ட அடியில் இடது கை சூம்பிப்போனவர். உடம்பில் ஒரு குறை இருக்கும்போதே எதை வளர்க்க முடியுமோ அதை வளர்ப்பது என்றால் என்ன என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆக, ஏற வேண்டும். சந்தேகமில்லை. என் வாதம் ஏறுவதைப் பற்றியே இல்லை. இறங்குவதைப் பற்றி.

பழனியோ திருத்தணியோ மருதமலையோ, படி ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும், மேலே போய் உட்கார்ந்து விபூதி வாங்குவதற்குள் சரியாகிவிடும். கால் நடுங்குவது இறங்கும்போது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறாரே ஒரு பாட்டி, அவர் ஏறும்போது யாரையும் பிடிக்கவில்லை. மறுநாள் வீட்டு வாசற்படியில் "அம்மாடி" என்று தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் இறக்கத்தின் கைங்கரியம்தான்.

காரணம் எளிது. ஏறும்போது தொடைச் சதை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை, உடம்பு சரிந்து விழாமல் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. அதாவது சுருங்க முயலும்போதே இழுபட்டு நீள்கிறது. சதையின் நுண்ணிழைகள் சிதைவது இந்த வேலையில்தான். அதோடு தரையின் அடியும் சேர்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டு ஆய்வாளர்கள் சரிவான ஓடுபொறியில் ஓட்டக்காரர்களை ஓடவிட்டு விசையை அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். 9 டிகிரி இறக்கத்தில் பாதம் தரையில் மோதும் விசை சமதளத்தைவிட 54 சதவீதம் கூடியது. அதே 9 டிகிரி ஏற்றத்தில் அந்த மோதல் விசை ஏறக்குறைய இல்லாமலே போனது. நாம் ஓடும் மலைச் சாலைகள் மொத்தமாகப் பார்த்தால் அவ்வளவு செங்குத்தில்லை என்பது உண்மை. ஆனால் எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்பது மாறாது.

ஒரே சாலைதான். ஒரு பக்கம் போனால் காலுக்கு அடி குறைவு, இதயத்துக்கு வேலை அதிகம். மறு பக்கம் வந்தால் இதயத்துக்கு ஓய்வு, காலுக்கு அடி. மலையோட்டம் என்று ஒரே பெயரில் நாம் கட்டிவைத்திருப்பது இரண்டு வேறு பயிற்சிகளை.

உலகத்தில் பெயர் பெற்ற பந்தயங்களும் இதைத்தான் காட்டுகின்றன. பாஸ்டன் மராத்தானில் 'ஹார்ட்பிரேக் ஹில்' என்று ஒரு மேடு. நெஞ்சு உடையும் மேடு. 1936-ல் ஜானி கெல்லி என்ற ஓட்டக்காரர் அந்த வட்டாரத்து ஏற்றங்களில் முன்னால் போன டார்ஜான் பிரௌனைப் பிடித்து, தாண்டும்போது அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டு வாங்கிய பிரௌன் வெகுண்டெழுந்து ஓடி ஜெயித்தார். கெல்லிக்கு ஐந்தாம் இடம். அந்தக் கதையிலிருந்து வந்த பெயர். சரி, அந்த மேட்டின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 27 மீட்டர். நம் ஊரில் அதைவிட உயர்ந்த அடுக்குமாடிகள் எத்தனையோ. இவ்வளவு சின்ன மேடு இத்தனை பேரை உடைப்பதற்குக் காரணம், அது வருவது 32-வது கிலோமீட்டருக்குப் பக்கத்தில். அதற்கு முன் பெரும்பகுதி தூரம் சாலை இறக்கமாகவே வருகிறது. தொடையை இறக்கம் முதலிலேயே தின்றுவிடுகிறது. பழி மட்டும் மேட்டின் மேல்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் இன்னும் தெளிவு. 1921-லிருந்து நடக்கிறது, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். வழக்கமாக ஒரு வருடம் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஏற்றம், மறு வருடம் அங்கிருந்து டர்பனுக்கு இறக்கம். (காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க். டர்பன் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஊர்களில் வாழ்கிறார்கள்.) இறக்க வருடத்தில் நேரம் குறையும், ஆனால் அதற்குத் தயாராகும்போது தொடைக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும் என்பது அந்த ஓட்டத்தை அறிந்தவர்களுக்கு அரிச்சுவடி. ஏற்றத்தையும் இறக்கத்தையும் இரண்டு பந்தயமாகவே அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில்கூடப் பிரிக்க மாட்டேன் என்கிறோம்.

சென்ற முறை ஏலகிரியில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்த வளைவுகளுக்கு வள்ளுவர், இளங்கோ, கம்பர், ஔவை என்று புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரியின் பெயர் எழுதிய வளைவில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நம் தம்பி ஒருவர். ஏறும்போது எங்களையெல்லாம் தாண்டிப் போனவர். இப்போது அவருடைய வலது கை அடிக்கடி வலது முழங்காலின் வெளிப்பக்கத்துக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. ஐந்தாறு அடிக்கு ஒரு முறை. பிறகு அடியின் சத்தம் மாறியது. இடது கால் மெதுவாக, வலது கால் 'பட்' என்று. முழங்காலை மடக்காமல் குச்சி போல வைத்து இறங்கத் தொடங்கிவிட்டார் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. நடக்கலாம் தம்பி என்றேன். "எல்லாரும் கீழ போயிட்டாங்கக்கா, காத்திருப்பாங்க" என்றார். நடந்தோம். கீழே போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று, ஏனென்றால் நடந்து இறங்குவதும் அந்த முட்டிக்கு வலிதான். கீழே எல்லோரும் கைதட்டி வரவேற்றீர்கள். நல்ல மனசோடுதான். ஆனால் அவர் அதற்குப் பிறகு சதாராவுக்கு வரவில்லை.

அன்றைக்கு மேலே ஒரு வண்டி நின்றிருந்தால் அவர் ஏற்றத்தோடு நிறுத்தியிருப்பார். ஏற்றத்தில் அவருக்கு ஒரு வலியும் இல்லை.

இதை வைத்து, எந்த வலிக்கு மலையின் எந்தப் பாதி என்று யோசித்துப் பாருங்கள்.

முழங்காலின் வெளிப்பக்கம் பிடிக்கிறவர்களும், முழங்கால் சிப்பியைச் சுற்றி மந்தமாக வலிக்கிறவர்களும் இறக்கத்தைத் தவிருங்கள். சினிமா தியேட்டரில் நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தாலோ மாடிப்படி இறங்கினாலோ வலிக்கிறதா, அப்படியென்றால் நீங்கள் இந்த வகை. உங்களுக்கு ஏற்றம் பெரும்பாலும் தாங்கும். ஏறுங்கள், மூச்சு முட்ட ஏறுங்கள். மேலே போய் வண்டியில் உட்காருங்கள். வெளிப்பக்கம் வலிப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். போக்குவரத்து இல்லாத இடமாகப் பார்த்துப் பக்கத்தை மாற்றி ஓடுங்கள்.

குதிகால் நரம்பு, கெண்டைச் சதை, உள்ளங்கால் வலி உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழ். ஏற்றத்தில் குதிகால் கீழே போகும், முன்பாதம் மேலே நிற்கும். அந்த நாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும். முழங்கால்காரருக்கு மருந்தாக இருக்கும் அதே ஏற்றம் இவர்களுக்குத் தொந்தரவு. நம் குழுவில் "மலை ஏறு, எல்லாம் உறுதியாகும்" என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. இவர்கள் சாய்வு குறைந்த ஏற்றமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்புதான் மிகச் செங்குத்து. வெளிவிளிம்பு சாய்வு குறைவு. ஆனால் பஸ் திரும்பும்போது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். எனவே வளைவில் ஓட வேண்டாம், ஹாரன் சத்தத்தைக் கேட்டபடி ஓரமாக நடங்கள். செங்குத்தில் நடப்பதால் பெரிதாக நேரம் போவதில்லை. நீண்ட மலைப் பந்தயங்களில் முன்னணி ஓட்டக்காரர்களே கையைத் தொடையில் ஊன்றி நடக்கிறார்கள்.

எனக்கு இடது குதிகால் பழைய விருந்தாளி. அதனால் இந்த வகையினருக்கு ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல முடியும். மலைக்குப் போவதா வேண்டாமா என்பதை நான் வீட்டு மாடிப்படியில் முடிவு செய்கிறேன். பல் துலக்குவதற்கு முன், சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குவேன். முதல் இரண்டு மூன்றில் இறுக்கம் இருக்கும், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பத்தாவதில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. இளகி, வலது காலைப் போலவே ஆகிவிட்டால் ஓட்டம் உண்டு. பத்தாவதில் முதலைவிட அதிகமாக வலித்தால் அன்றைக்குச் சைக்கிள். இதில் பேரம் கிடையாது, மலைக்கு வேன் வாசலில் நின்றாலும்.

பயிற்சியும் அதே படியில்தான். ஸ்வீடன் மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட முறை இது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, வலியுள்ள காலின் குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்குவது. ஏறுவதற்கு மற்றக் காலைப் பயன்படுத்துவது. முழங்காலை நேராக வைத்து 15 தடவையாக மூன்று சுற்று, லேசாக மடக்கி அதே அளவு, காலையும் மாலையும், 12 வாரம். சலிப்பூட்டும் வேலை, ஆனால் பலருக்குப் பலித்திருக்கிறது. வலி நாணின் நடுவில் இருந்தால்தான் இது. குதிகால் எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே தூக்கி இறக்குங்கள்.

மலைக்கே போகாமல் ஏற்றத்தை மட்டும் பிரித்தெடுக்கச் சென்னையிலேயே வழி இருக்கிறது. ஜிம்மில் டிரெட்மில்லைச் சாய்த்துவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கவே வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் படியில் ஏறி லிஃப்டில் இறங்குங்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. மேம்பாலமும் உதவும், ஆனால் ஏறிய பாலத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்பதால் முட்டி வலிக்காரர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

வலி ஒன்றும் இல்லாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சதாராவில் யவதேஷ்வர் மலைச் சாலையில் ஏறிப் போய், திரும்பி அதே சாலையில் இறங்கித்தான் முடிக்க வேண்டும். எனவே நீங்கள் இறக்கத்தைப் பழகத்தான் வேண்டும். நல்ல செய்தி, தொடைச் சதைக்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு முறை இறக்கத்தில் அடிவாங்கிய சதை, சில வாரங்கள் கழித்து அதே இறக்கத்தில் அவ்வளவு வலிப்பதில்லை. அதற்கு முதல் முறையே முழு மலையையும் ஓடி இறங்கத் தேவையில்லை. இந்த மாதம் கடைசி மூன்று வளைவுகளை மட்டும் ஓடி இறங்குங்கள். அடுத்த முறை ஆறு. அடி குட்டையாக, வேகமாக வைக்க வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலைப் பிரேக் போல ஊன்றினால் அத்தனை அடியும் முட்டிக்கு. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புது இறக்கம் வேண்டவே வேண்டாம்.

மறுநாள் வரும் வலி எது நல்லது, எது கெட்டது என்று கேட்கிறார்கள். இரண்டு தொடையிலும் பரவலாக, அழுத்தினால் வலித்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் அதன்பின் இறங்கினால் அது சதை வலி. ஒரே காலில், விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், நாளாக ஆகக் கூடினால் அது வேறு.

அந்த 'வேறு' வந்தால் என் கடிதத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். முன்னங்கால் எலும்பிலோ பாதத்தின் மேலெலும்பிலோ ஒரே புள்ளியில் வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், மூட்டு வீங்கினால், நொண்டாமல் நடக்க முடியாவிட்டால், கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்தது போல் 'டப்' என்று கேட்டால், இவை எதுவும் சிறு வலிக் கணக்கில் வராது. ஒரே புள்ளியில் வரும் வலி எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். ஏற்றத்தில் நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கே பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் மலைப் பயிற்சி தொடங்கும் முன் இதயத்தை ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கிளம்பும் முன் வலி மாத்திரை போடாதீர்கள். வேனில் ஒரு அட்டை கைமாறிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து நீர்ச்சத்து வற்றியிருக்கும் உடம்பில் அது ஆபத்து. அதோடு, நிறுத்தச் சொல்லும் குரலையும் அடக்கிவிட்டு இறங்குகிறீர்கள். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற அளவுக்கு வலி இருந்தால், அன்றைக்கு ஓட வேண்டாம் என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. வலியை மரக்க வைக்கும் ஸ்பிரேக்கும் இதே பேச்சுத்தான்.

இவையெல்லாம் தெரிந்தாலும் ஒரு தடங்கல் இருக்கிறது, அது காலில் இல்லை. மேலே போனவர் வண்டியில் இறங்கி வந்தால் பாதியில் விட்டவர் என்று நம் கூட்டத்தில் ஒரு பார்வை உண்டு. யாரும் வாயால் சொல்வதில்லை. படம் எடுக்கும்போது அவரே ஒதுங்கி நிற்பார். வாட்ச்சில் தூரம் பாதிதான் இருக்கும், அதைப் போட வெட்கப்படுவார். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் அந்தத் தம்பி வலியோடு இறங்கினார். 14 வளைவும் ஏறிய கால் தன் பயிற்சியை முடித்துவிட்டது என்று குழுவின் மூத்தவர்கள் உரக்கச் சொன்னால் இந்த வெட்கம் ஒரே வாரத்தில் போகும். சொல்ல வேண்டியது நாம்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் எது மானம், எது அவமானம் என்று கற்றுக்கொள்கிறார்கள்.

எனவே ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் இது. இந்த முறை நம்மை அடிவாரத்தில் இறக்கிவிட்ட வேன் அங்கேயே நிற்க வேண்டாம். எல்லோரும் ஏறத் தொடங்கிய பிறகு ஓட்டுநர் அண்ணனை மேலே வரச் சொல்லுங்கள். அவருடைய காலை டீக்கும் டிபனுக்கும் நாம் பணம் போடுவோம். கிளம்பும் முன் வட்டமாக நிற்கும்போது, யார் ஏற்றம் மட்டும், யார் இரண்டும் என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றம் மட்டும் என்று முதல் பெயரை ஒரு மூத்தவர் கொடுக்கட்டும். கொடுக்க ஆள் இல்லை என்றால் என் பெயரை எழுதுங்கள். குதிகால்காரியான எனக்கு இறக்கம் தொந்தரவில்லைதான், இருந்தாலும் வண்டியில் முதல் ஆளாக உட்கார்ந்து வருகிறேன். மேலே காத்திருக்கும் வேனில் எல்லோருக்கும் இடம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருத்தி